அடுப்பு செல்லுடையது, சமையல் வைரஸுடையது

வைரஸுக்குச் சொந்தமாக வளர்சிதைமாற்றம் கிடையாது. ஆற்றல் எடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் புரதம் கோக்கும் ரைபோசோமும் அதனிடம் இல்லை. ஆனால், பெருகுவதற்கு நியூக்ளியோடைடும் அமினோ அமிலமும் வேண்டும். சவ்வு உறை உள்ள வைரஸ் என்றால் கொழுப்பும் வேண்டும். செல்லின் இருப்பு இதற்குப் போதாது. அதனால் பல வைரஸ்கள் செல்லின் உற்பத்தியையே தம் பக்கம் திருப்பிவிடுகின்றன.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆய்வகத்தில் செல்களை வளர்க்கும் திரவத்தில் ஃபீனால் ரெட் என்ற சாயம் கலந்திருக்கும். அமிலம் ஏறினால் சிவப்பு மஞ்சளாகும். அடினோவைரஸ் தொற்றிய தட்டில் அந்த மஞ்சள் சீக்கிரமே வந்துவிடும். லாக்டிக் அமிலத்தின் வேலை அது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறை முழுதாக எரித்தால் ஏறத்தாழ 30 ஏடிபி கிடைக்கும். பாதியில் நிறுத்தி லாக்டிக் அமிலமாக்கினால் 2தான். புற்றுநோய் செல்களிடம் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டதும் இதே போக்குதான். பார்வைக்கு ஊதாரித்தனம். ஆனால் குளுக்கோஸ் வேகமாக உடையும்போது, வழியில் பிரியும் கார்பன் துண்டுகளிலிருந்து நியூக்ளியோடைடும் கொழுப்பும் கட்டலாம். வைரஸுக்கு எரிபொருளைவிடச் செங்கல்லே அவசரம்.

எல்லா வைரஸும் ஒரே செங்கல்லைக் கேட்பதில்லை. ஹெர்ப்பிஸ் குடும்பத்தின் இரண்டு உறுப்பினர்களே இதற்குச் சாட்சி. சைட்டோமெகலோ வைரஸ் நிதானமானது. புதிய வைரஸ்கள் பெருமளவில் வெளிவர நான்கு நாள்போல ஆகும். அது செல்லை உயிரோடு வைத்து, குளுக்கோஸைக் கொழுப்பு அமிலமாக்குகிறது. அதனால் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் விழும் பள்ளத்தைக் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தால் நிரப்புகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கார்பன்-13 கொண்டு இந்த ஓட்டத்தை அளந்து 2008இல் வெளியிட்டார்கள். வாயோரத்தில் கொப்புளம் போடும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸோ ஒரு நாளுக்குள் காரியத்தை முடித்துவிடும். அதன் கவனம் நியூக்ளியோடைடில். நரம்பு செல் பிரிவதில்லை, ஆகவே அங்கே டிஎன்ஏவுக்கான சரக்கு சொற்பம். அதற்கென்றே தைமிடின் கைனேஸ் என்ற நொதியின் மரபணுவை இந்த வைரஸ் கையோடு கொண்டுவருகிறது.

டெங்கு வைரஸ் வேறு வகை. செல் சேமித்த கொழுப்புத் துளிகளைக் கரைத்து எரிக்க வைக்கிறது. கூடவே, கொழுப்பு அமிலம் தயாரிக்கும் நொதியைத் தான் பெருகும் இடத்துக்கே இழுத்துக்கொள்கிறது.

மிக நுட்பமான திருட்டு கடலில் நடக்கிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் பல, ஒளிச்சேர்க்கைப் புரதம் ஒன்றின் மரபணுவைச் சுமந்து செல்கின்றன. இரையாகும் செல்லில் அந்தப் புரதம் தேய்ந்தாலும் ஒளியிலிருந்து ஆற்றல் எடுப்பது தொடரும். ஆனால், கார்பனைச் சர்க்கரையாக்கும் கால்வின் சுழற்சியை மற்றொரு வைரஸ் மரபணு முடக்கும். மிச்சமாகும் ஆற்றல் வைரஸ் டிஎன்ஏவுக்குப் போகும்.

இவ்வளவும் தெரிந்தபின், செல்லைப் பட்டினி போட்டு வைரஸை ஒழிக்கலாம் என்ற ஆசை எழுவது இயல்பு. சோதனைத் தட்டில் அது பலிக்கவும் செய்கிறது. கொழுப்பு அமில உற்பத்தியைத் தடுத்தால் சைட்டோமெகலோ வைரஸும் இன்ஃபுளுயன்ஸாவும் தளர்கின்றன. நோயாளியின் படுக்கையருகே கதை வேறு. கொலஸ்டிராலைக் குறைக்கும் லோவாஸ்டாட்டினை வியட்நாமில் டெங்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2016இல் வந்தது: மருந்தால் ஆபத்தில்லை, ரத்தத்தில் வைரஸ் குறைந்ததற்கோ நோய் தணிந்ததற்கோ சான்றும் இல்லை. வைரஸ் கேட்பதை உடலின் மற்ற செல்களும் கேட்கின்றன என்பதே அடிப்படைச் சிக்கல். மருந்தளவை நினைத்தபடி ஏற்ற முடியாது.

தெளிவான வெற்றி கிடைத்தது, வைரஸே நொதி கொண்டுவந்த இடத்தில். அசைக்ளோவிர் தானாக ஒன்றும் செய்யாது. ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸின் தைமிடின் கைனேஸ் அதில் முதல் பாஸ்பேட்டை ஒட்டிய பிறகே அது டிஎன்ஏ உற்பத்தியைத் தடுக்கும் வடிவம் பெறத் தொடங்குகிறது. தொற்றாத செல்லில் அந்த முதல் படியே அநேகமாக நடப்பதில்லை. மருந்துக்கு மசியாத ஹெர்ப்பிஸ் வகைகள் பெரும்பாலும் அந்த நொதியை இழந்தவை அல்லது சிதைத்துக்கொண்டவை. எலிகளில் பார்த்தால், அப்படித் தப்பிய வைரஸ் நரம்பு செல்லிலிருந்து மறுபடி கிளம்பத் திணறுகிறது.