ரெக்கார்டு நோட்டும் ஆகாய ரூட்டும்

(மின்னணுவியல், மூன்றாம் ஆண்டு)



லேபில் ரீடிங் எடுப்பதற்கு முன்பே ரெக்கார்டு நோட்டில் ரிசல்ட் எழுதி முடித்த வீரர்கள் நம்மில் எத்தனை பேர்? கை தூக்க வேண்டாம். அடியேனும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். எழுதுவது ஒன்று, செய்வது வேறொன்று. எக்ஸ்டர்னல் வந்து நிற்கும்போது வயிற்றில் புளி கரையும். கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் நகர்ந்ததும் கேன்டீனில் ஒரே சிரிப்பு. இதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முப்பத்தைந்தாயிரம் அடி உயரத்திலும் இதே வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று படித்த பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் குறைந்துவிட்டது.

நான் சொல்வது ஐரோப்பாவின் கோடைக்கால வான்வெளியைப் பற்றி. ஜூன் பிறந்துவிட்டால் வடக்கே குளிரில் கிடந்த ஜனங்கள் எல்லாம் ஸ்பெயின், கிரீஸ், துருக்கி என்று கடற்கரை தேடிக் கிளம்பிவிடுவார்கள். 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதக் கடைசியில் ஒரே நாளில் 37,000 விமானங்களுக்கு மேல் அந்த வானத்தில் பறந்தன. 2022-இல் உக்ரைன் போர் வந்தது. அந்த நாட்டு வான்வெளி மூடப்பட்டது. அங்கே போய்க்கொண்டிருந்த விமானங்களும் ஒதுங்கி, பக்கத்து வழிகளில் வந்து நெருக்கின.

"வானம் எவ்வளவு பெருசு! இடமா இல்லை?" என்று கேட்பீர்கள். இடம் இருக்கிறது. மனுஷ மண்டையில்தான் இடம் இல்லை. ஐரோப்பிய வான்வெளியைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு செக்டர். செக்டருக்கு வழக்கமாக இரண்டு கன்ட்ரோலர்கள். ஒருவர் பைலட்டுகளோடு ரேடியோவில் பேசுவார், மற்றவர் அக்கம்பக்கத்துச் செக்டர்களோடு ஒழுங்கு செய்வார். ஒரு மணி நேரத்தில் இத்தனை விமானங்களைத்தான் இவர்களால் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள முடியும் என்று ஓர் எண் வைத்திருக்கிறார்கள். அந்த எண்ணைச் சுற்றித்தான் எல்லாத் தலைவலியும்.

செக்டரை இரண்டாக வெட்டினால் போச்சு என்று நம் ஆட்கள் உடனே தீர்வு சொல்வார்கள். வெட்டிக்கொண்டேதான் வந்தார்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு புதிய ரேடியோ அலைவரிசை வேண்டும். அது தீர்ந்துபோனதால்தான் 1999-இல் உயர் வான்வெளியில் சேனல் இடைவெளியை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து 8.33-ஆக, அதாவது மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கினார்கள். (கம்யூனிகேஷன் பேப்பரில் அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க!) 2002 ஜனவரியில் 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே, மேலும் கீழுமாகப் பறக்கும் விமானங்களுக்கு நடுவே 2,000 அடியாக இருந்த இடைவெளியை 1,000 அடியாக்கி, ஆறு புதிய மட்டங்களை உண்டாக்கினார்கள். அதற்கு மேல் வெட்டினால், விமானம் ஒரு செக்டருக்குள் நுழைந்து வணக்கம் சொல்வதற்குள் அடுத்ததற்கு ஒப்படைக்க வேண்டியதாகிவிடும். ஆளைச் சேர்க்கலாம் என்றால், ஒரு கன்ட்ரோலர் தயாராக ஏறக்குறைய நம் டிப்ளமோ அளவுக்குக் காலம் பிடிக்கும். ஆள் பற்றாக்குறைக்கு அந்தந்த நாட்டு அரசுகள்தான் பொறுப்பு. அதை நான் மறுக்கவில்லை.

சரி, இருக்கிற இடத்தை எப்படிப் பங்கிடுகிறார்கள்? விமானக் கம்பெனி புறப்படும் நேரத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரத்துக்கு முன்னால், எந்த ரூட், எந்த உயரம், எந்த வேகம் என்று எழுதி ஃபிளைட் பிளான் அனுப்ப வேண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகள் சேர்ந்த யூரோகன்ட்ரோல் என்ற அமைப்பு அதை வாங்கிக்கொள்கிறது. தலைமையகம் பிரஸ்ஸல்ஸில். அங்குள்ள கம்ப்யூட்டர் எல்லாப் பிளான்களையும் சேர்த்துப் போட்டு, எந்த நிமிஷத்தில் எந்தச் செக்டரில் எத்தனை விமானம் நுழையும் என்று கணக்குப் பார்க்கிறது. எண் தாண்டினால் வரிசை. பிளான்படி யார் முதலில் அந்தச் செக்டரை அடைவாரோ அவருக்கு முதலிடம், மற்றவர்கள் தரையிலேயே காத்திருக்க வேண்டும். காத்திருப்பவருக்குக் கொடுக்கும் நேரத்துக்கு ஸ்லாட் என்று பெயர். 9.40-க்கு ஸ்லாட் என்றால் 9.35-க்கும் 9.50-க்கும் இடையில் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட வேண்டும்.

உதாரணத்துக்கு லண்டனிலிருந்து ஏதென்ஸ். நேர்கோட்டில் சுமார் 2,400 கிலோமீட்டர். கிழக்குப் பிரான்ஸ், ஆல்ப்ஸ் மலை, வெனிஸ், ஏட்ரியாட்டிக் கடல் என்று வழி. ஆல்ப்ஸ் பக்கம் இடி மேகம் திரண்டு ஒரு செக்டரின் எண்ணைக் குறைத்துவிட்டார்கள், நாற்பது நிமிஷம் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். பிளான் போடுகிறவர் முன்னால் மூன்று வழி. என்ஜினை அணைத்துவிட்டு நாற்பது நிமிஷம் தரையில் நிற்கலாம். சுற்றி வேறு பாதையில் போகலாம். ஏர்பஸ் ஏ-320 பறக்கும்போது நிமிஷத்துக்குச் சுமார் 40 கிலோ எரிபொருள் குடிக்கும், பத்து நிமிஷச் சுற்று என்றால் 400 கிலோ. அல்லது அந்தச் செக்டருக்கு அடியில், தாழ்வான உயரத்தில் நுழைந்து போகலாம். கீழே காற்று அடர்த்தி அதிகம், எரிபொருளும் கூடத்தான் செலவாகும். எது லாபம் என்பது அந்த விமானத்துக்கு அன்றைக்கு இன்னும் எத்தனை பயணம் பாக்கி என்பதைப் பொறுத்தது. காலையில் விழுந்த நாற்பது நிமிஷம் ராத்திரி வரைக்கும் கூடவே வரும். இரவு 11 முதல் காலை 5 மணி வரை ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையம் மூடியிருக்கும். கடைசி விமானம் அதற்குள் வந்து சேராவிட்டால் அதோகதிதான். ஆகவே பணம் கொடுத்துச் சுற்றிப் போவதும் சில நாள் புத்திசாலித்தனமே.

இந்த மூன்றும் நேர்மையான வழிகள். நான்காவதாக ஒன்று இருக்கிறது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் யோ-யோ. நூலில் ஏறி இறங்கும் அந்த விளையாட்டுச் சாமானேதான். நெருக்கமான செக்டர் வரும் இடத்தில் மட்டும் கீழே இறங்கி, தாண்டியதும் மேலே ஏறுவதாகப் பிளானில் எழுதுவது. கம்ப்யூட்டர் நம்பிவிடும், தாமதம் போடாது. மேலே போன பிறகு பைலட் ரேடியோவில், "இதே உயரத்தில் தொடரலாமா?" என்று நயமாகக் கேட்பார். கன்ட்ரோலரும் இரக்கப்பட்டு விட்டுவிட்டால் முடிந்தது காரியம். எரிபொருளும் மிச்சம், நேரமும் மிச்சம். சாமர்த்தியம் என்று தோன்றுகிறது இல்லையா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

அந்த மிச்சம் யார் கணக்கில் போகிறது என்று பாருங்கள். ஒழுங்காகப் பிளான் எழுதிய இன்னொரு விமானம் இந்நேரம் தரையில் காத்துக்கிடக்கிறது. அதற்கான இடத்தில்தான் இவர் நுழைந்திருக்கிறார். அதைவிட மோசம், எண்ணுக்கு மேல் விமானம் வரும் என்று கன்ட்ரோலர்களுக்கு அனுபவத்தில் தெரிந்துபோகிறது. அப்புறம் அவர்கள் என்ன செய்வார்கள்? தங்களால் நாற்பதைக் கவனிக்க முடிந்தாலும், எதற்கும் இருக்கட்டும் என்று நாற்பதுக்குக் குறைவாகவே எண்ணைச் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? பொய்யான பிளான்கள் கூடக்கூட வானம் தானாகவே சுருங்குகிறது!

இந்த எண் வெறும் காகித எண் இல்லை என்பதற்கு ஸாக்ரெப் சாட்சி. 1976 செப்டம்பர் 10. அப்போதைய யுகோஸ்லாவியாவின் ஸாக்ரெப், ஐரோப்பாவிலேயே நெருக்கடி மிகுந்த கட்டுப்பாட்டு மையங்களில் ஒன்று. லண்டனிலிருந்து இஸ்தான்புல் போன டிரைடென்ட் விமானமும், ஸ்பிளிட்டிலிருந்து கொலோன் நோக்கி ஏறிக்கொண்டிருந்த டிசி-9 விமானமும் 33,000 அடியில் மோதின. 176 பேர் இறந்தார்கள், ஒருவரும் தப்பவில்லை. மேல் செக்டரில் அந்நேரம் ஒரே ஒரு கன்ட்ரோலர். கூட இருக்க வேண்டியவர், தாமதமான மாற்று ஆளைத் தேடிப் போயிருந்தார். ஆள் போதாத மையம், அளவுக்கு மிஞ்சிய விமானங்கள். கடைசியில் சிறைக்குப் போனது அந்த ஒரு மனிதர்தான். சக கன்ட்ரோலர்கள் குரல் கொடுத்த பிறகு 1978-இல்தான் வெளியே வந்தார். எங்கோ ஓர் அலுவலகத்தில் நாற்பது நிமிஷம் மிச்சம் பிடிக்க யோ-யோ பிளான் எழுதுகிறவருக்கு இந்த முகம் தெரிவதில்லை.

ஆகவே என் கட்சி இது: எழுதியபடி பற, பறக்கப்போவதையே எழுது. வேண்டுமென்றே உயரத்தை மாற்றி எழுதிப் பிடிபடுகிற கம்பெனியை அடுத்த தடவை வரிசையில் கடைசிக்குத் தள்ள வேண்டும். அபராதம் என்றால் டிக்கெட்டில் ஏற்றிவிடுவார்கள். நேரம் போனால்தான் வலிக்கும். ஒரு படி மேலே போய், கன்ட்ரோலர் அன்பாகக் கொடுக்கும் குறுக்குவழியைக்கூட நெரிசல் நாட்களில் கொஞ்சம் யோசித்துத்தான் வாங்க வேண்டும் என்பேன். நாலு நிமிஷம் முன்னால் போனால், அடுத்த செக்டருக்குள் வேறொருவர் நேரத்தில் நுழைகிறோம். இறங்கிய இடத்தில் நிறுத்த இடம் காலியாகாமல் நிற்கிறோம், அவ்வளவுதான் லாபம்.

இதைச் சொன்னபோது அறை நண்பன் ஒருவன் மடக்கினான்: "டேய், காற்று மாறும், பயணி லேட்டா வருவான், பெட்டி ஏற்ற நேரமாகும். எழுதினபடியே எவன்டா பறக்க முடியும்?" நியாயமான கேள்வி. மாறுவது தப்பில்லை. மாறியதைச் சொல்லாமல் இருப்பதுதான் தப்பு. புறப்பாடு 15 நிமிஷத்துக்கு மேல் தள்ளிப்போனால் திருத்தச் செய்தி அனுப்ப வேண்டும் என்று விதியே இருக்கிறது. அந்தச் செய்தி ஒரே ஒரு வரி. அது போய்ச் சேர்ந்தால், காலியான இடத்தில் வரிசையில் நிற்கும் இன்னொரு விமானம் கிளம்பிவிடும்.