துருவைச் சுரண்டுங்க, முத்திரையை விட்டுடுங்க!

மக்களே, பழைய சவரக்கத்தி சேர்க்குற கோஷ்டி மேல ரொம்ப நாளா ஒரு கடுப்பு. இன்னிக்குக் கொட்டிடறேன்.

'ஷெஃபீல்டு'ன்னு முத்திரை தெரிஞ்சா போதும், உடனே "நூத்தம்பது வருஷப் பொக்கிஷம்"! அய்யா, முழுசாப் படிங்க. கூடவே 'இங்கிலாந்து', 'ஜெர்மனி'ன்னு நாட்டுப் பேர் இருந்தா, பெரும்பாலும் அது 1891-க்கு அப்புறம் செஞ்சது. இறக்குமதிச் சரக்குல நாட்டுப் பேர் இருக்கணும்னு அமெரிக்கா 1890-ல போட்ட மெக்கின்லி சட்டம்தான் காரணம். 'ஸ்டெயின்லெஸ்'னு இருந்தா இன்னும் சுலபம். ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருக்கினதே 1913-ல. அதைப் போய் சிப்பாய் கலகத்துக் கத்தின்னு விக்கிறவரை என்னத்த சொல்ல?

இதெல்லாம் பொறிச்சிருக்கறது கத்தியோட கழுத்துல, கூர் இல்லாத தடிமனான இடத்துல. நம்ம ஆளுங்க முதல்ல அழிக்கிறதே அதைத்தான். ஓசூர்ல பஃபிங் பட்டறைக்கா பஞ்சம்? சக்கரத்துல வெச்சா அஞ்சே நிமிஷத்துல கண்ணாடி மாதிரி பளபளக்கும், முத்திரை காணாமப் போயிடும். அதைவிடக் கொடுமை சூடு. காகிதம் மாதிரி மெலிஞ்ச விளிம்பு நொடியில காயும். 300 டிகிரி வாக்குல கார்பன் எஃகுல நீலம் பாயும். பாஞ்சா டெம்பர் போச்சு. அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிக்காது. அதுக்குப் பேரு புதுப்பிக்கறதா?

"அப்ப துருவோட வெச்சுக்கணுமா?"ன்னு கேப்பீங்க. சிவப்புத் துரு எஃகைத் தின்னும், எடுத்தே ஆகணும். எண்ணெய்ல ஊறவெச்சு, நைஸ் வாட்டர் பேப்பரால கையாலயே தேய்ங்க, முத்திரையைத் தொடாம. கறுப்புக் கறை இருந்துட்டுப் போகட்டும்.

கடைசியா ஒண்ணு. இந்தக் கத்திங்க எங்கேருந்து வருது? பாரூர், காவேரிப்பட்டணம் பக்கம் சலூன்காரர் வீட்டுப் பரண்லேருந்து. பிளேடு மாட்டுற கத்தி வந்ததும் ஓரங்கட்டினது. அவர் தாத்தா அறுவடைக்கு அறுவடை அளந்து போட்ட தானியத்துக்காக ஊருக்கே மழிச்ச கத்தி. நீங்க நூறு ரூபா குடுத்து வாங்கி, 'ஜமீன்தார் கத்தி'ன்னு கதை கட்டி ஆயிரக்கணக்குல விக்கிறீங்க. ஷெஃபீல்டு முதலாளி பேரைத் தேடத் தெரிஞ்ச உங்களுக்கு, அதைப் பிடிச்ச கை யாருதுன்னு கேக்க வாய் வரலையா? யாரு வெச்சிருந்தது, எந்த ஊரு, எப்போ வரைக்கும் ஓடிச்சுன்னு கேட்டு ஒரு சீட்டுல எழுதி வைங்க. செஞ்ச காலத்தைத்தான் முத்திரை சொல்லும். மத்ததை அவர்தான் சொல்லணும், அவரும் போயிட்டா யாரைக் கேப்பீங்க?

டிஸ்கி: தந்தக் கைப்பிடின்னு பீத்திக்கறவங்களுக்கு: பாதிக்கு மேல செல்லுலாய்டுதான். நிஜமாவே தந்தம்னா, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விக்கிறது குற்றம். உள்ள போவீங்க, ஜாக்கிரதை :-)