பத்து தடவை எழுதச் சொன்னவன் எழுதுகிறேன்



போன வாரம் என் மேசையைப் படம் எடுத்துப் போட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் கருப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாக இருந்ததைப் பார்த்து, "சார், ரிட்டயர்டு ஆனதுக்கு அப்புறம் ஹேக்கிங் பண்றீங்களா?" என்று 1998 செட் பையன் ஒருவன் கேட்டிருந்தான். பையன் என்கிறேன், அவன் மகனே இப்போது எட்டாவது படிக்கிறான்! ஹேக்கிங் எல்லாம் இல்லையப்பா. மாலை வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குப் பயிற்சிப் புத்தகம் தயார் செய்கிறேன். அதற்கு உதவுகிற ஒரு சின்ன புரோகிராமைப் பற்றியும், அது இந்த வயதில் எனக்குப் புரியவைத்த ஒரு விஷயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பின்னக் கணக்கை டைப் அடித்துப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். மேலே ஓர் எண், நடுவில் கோடு, கீழே ஓர் எண். இன்று சரியாக நிற்கும். நாளை மேலே ஒரு வரி சேர்த்தால் எல்லாம் இடம் மாறிவிடும். இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிற என் அண்ணன் மகள்தான், "சித்தப்பா, நீங்க லேடெக் கத்துக்கோங்க, உங்களால முடியும்" என்றாள்.

டொனால்டு கனூத் என்ற அமெரிக்கக் கணினிப் பேராசிரியர், தம் புத்தகத்தின் புதிய பதிப்புக்கு வந்த அச்சுப் படிகள் பார்க்கச் சகிக்காமல், 1977-ல் தாமே ஓர் அச்சுக்கோப்பு முறையை உருவாக்கத் தொடங்கினார். அதன் பெயர் டெக். அதன் மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980-களில் கட்டியதுதான் லேடெக். ஆங்கிலத்தில் கடைசி எழுத்து எக்ஸ் மாதிரி இருக்கும், ஆனால் 'டெக்' என்றுதான் சொல்ல வேண்டும். காசு இல்லை, இலவசம். நாம் வெறும் எழுத்தாக எழுதி, 'இது தலைப்பு', 'இது பின்னம்' என்று குறி போட்டுக் கொடுத்தால், பக்கம் அமைப்பதை அது பார்த்துக்கொள்ளும். தமிழுக்கு ஸீலேடெக் அல்லது லுவாலேடெக் என்ற வகையை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் மட்டும் படித்த நான் மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

இனி என் அவமானக் கதை.

போன வருடம் 64 பக்கத்தில் பயிற்சிப் புத்தகம் ஒன்றை என் செலவில் 100 பிரதி அச்சடித்தேன். ஒவ்வொரு கணக்கின் கீழும் 'விடை: பக்கம் 52' என்பது போல ஒரு குறிப்பு. அச்சகத்துக்கு அனுப்பும் நாளன்று காலையில் ஒரு கணக்கு விட்டுப்போனது நினைவுக்கு வந்தது. சேர்த்தேன், ஒரே ஒரு தடவை ஓட்டினேன், அனுப்பிவிட்டேன். புத்தகம் வந்தது. ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், கேள்விக்குறிப் பக்கம் எங்க சார் இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். புதிதாகச் சேர்த்த கணக்கின் கீழே 'விடை: பக்கம் ??' என்று அச்சாகியிருந்தது. அதோடு போகவில்லை. அந்த ஒரு கணக்கு எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டது. ஆனால் அச்சானது பழைய எண்கள். விடைப் பக்கம் அத்தனையும் தப்பு. நானும் என் மனைவியும் இரண்டு மாலை உட்கார்ந்து, 'விடைப் பக்க எண்ணுடன் 1 கூட்டிக்கொள்ளவும்' என்று 100 துண்டுச் சீட்டு ஒட்டினோம். பிள்ளைகளுக்குக் கூட்டல் பயிற்சி இலவசம்!

தப்பு லேடெக்கிடம் இல்லை, என்னிடம்தான். அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். நம் பள்ளியில் கையெழுத்துப் பத்திரிகை போட்டோமே, நினைவிருக்கிறதா? முதலில் எல்லாக் கட்டுரையும் எழுதி முடித்தால்தான் எது எந்தப் பக்கம் என்று தெரியும். அதன் பிறகு பொருளடக்கம் எழுதுவோம். அந்தப் பொருளடக்கத் தாளை முன்னால் வைத்ததும் எல்லாப் பக்கமும் ஒன்று தள்ளிப்போகும். மறுபடி எண்ணைத் திருத்துவோம். லேடெக்கும் அதையேதான் செய்கிறது. முதல் ஓட்டத்தில் எது எந்தப் பக்கம் என்று ஒரு துணைக் கோப்பில் குறித்து வைக்கும். இரண்டாம் ஓட்டத்தில் அதைப் படித்து எண்களை நிரப்பும். அதனால் பக்கம் நகர்ந்திருந்தால் மூன்றாம் ஓட்டம் தேவை. "எண்கள் மாறியிருக்கலாம், மறுபடி ஓட்டு" என்று கடைசியில் ஓர் எச்சரிக்கையும் எழுதும். மளமளவென்று ஓடும் ஆங்கில வரிகளுக்கு நடுவில் நான் அதைப் படிக்கவே இல்லை. கேள்வித்தாளை முழுக்கப் படி, படி என்று உங்களிடம் முப்பது வருடம் கத்தியவன் நான்!

அண்ணன் மகளிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "இதுக்குத்தான் சித்தப்பா லேடெக்எம்கே இருக்கு" என்றாள்.

லேடெக்எம்கே என்பது பெர்ல் மொழியில் எழுதிய ஓர் உதவி நிரல். டெக் லைவ் தொகுப்பை நிறுவினால் கூடவே வந்துவிடும். மிக்டெக் வைத்திருப்பவர்கள் பெர்லையும் தனியாகப் போட வேண்டும். கருப்புத் திரையில் அதன் பெயர், ஒரு சிறு கோடு போட்டு ஸீலேடெக், பிறகு நம் கோப்பின் பெயர். இவ்வளவுதான் கட்டளை. ஒவ்வோர் ஓட்டத்துக்குப் பிறகும் துணைக் கோப்புகள் முன்பு இருந்ததிலிருந்து மாறியிருக்கின்றனவா என்று பார்க்கும். மாறியிருந்தால் மறுபடி ஓட்டும். மாறாவிட்டால் நிறுத்திவிடும். சொல்லடைவு, நூற்பட்டியல் இருந்தால் அதற்கான நிரல்களையும் தேவைப்படும்போது தானே கூப்பிடும். பிவிசி என்று ஒரு வசதி உண்டு, பிளம்பர் கேட்கும் பைப் இல்லை. அதைப் போட்டுவிட்டால் நாம் கோப்பைச் சேமிக்கும்போதெல்லாம் தானே ஓட்டிப் புதுப் பக்கத்தைக் காட்டும். வேலை முடிந்ததும் சிறிய 'சி' போட்டால் துணைக் கோப்புக் குப்பையைப் பெருக்கிவிடும். பெரிய 'சி' போட்டால் பிடிஎஃப்பையும் சேர்த்து அழித்துவிடும், கவனம். நான் அழித்துவிட்டு ஒரு நிமிடம் வேர்த்துப்போனேன். மூலக் கோப்பு பத்திரமாக இருந்ததால் மறுபடி ஓட்டி எடுத்துக்கொண்டேன்.

இப்போது ஆசிரியையாக இருக்கும் என் மாணவி ஒருத்தி தொலைபேசியில் மடக்கினாள்: "எங்களைக் கால்குலேட்டரே தொட விடல. நீங்க மட்டும் இப்படி மெஷின் கையில விடலாமா சார்?" நியாயமான கேள்வி. என் பதில் இதுதான் அம்மா. முதலில் கையால் மூன்று தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். கேள்விக்குறி எண்ணாக மாறுவதையும், எண் நகர்ந்து பிறகு நிலைக்கு வருவதையும் கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகு நிரலிடம் விடலாம். பெருக்கல் தெரிந்தவன் கால்குலேட்டர் பிடிப்பதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் அந்த நிரல் என்னை வேறொரு இடத்தில் குத்தியது. அதற்காகத்தான் இந்தப் பதிவே.

தப்பு எழுதினால் நான் என்ன செய்வேன்? "பத்து தடவை எழுதிட்டு வா." உங்களில் பலர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவன் ஒரு சொல்லைப் பத்து தடவையும் அதே பிழையோடு எழுதிக் கொண்டுவந்தான். நான் வரிகளை எண்ணினேன், பத்து இருந்தது, கையெழுத்துப் போட்டேன். பரீட்சையிலும் அதே பிழை. அவனை மறுபடியும் திட்டினேன். எண்ணத் தெரிந்த எனக்குப் படித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

லேடெக்எம்கே இத்தனை தடவை என்று முன்கூட்டியே சொல்வதில்லை. ஒவ்வொரு தடவைக்கும் பிறகு பார்க்கிறது, தேவை இருந்தால்தான் அடுத்த தடவை. சில புத்தகங்களில் ஓர் எண் மாறினால் ஒரு வரி அடுத்த பக்கத்துக்குப் போகும், அதனால் எண் மறுபடி மாறும், வரி திரும்பி வரும். அது ஓயவே ஓயாது. அங்கேயும் அது முட்டிக்கொண்டே இருக்காது. வழக்கமாக ஐந்து என்ற வரம்போடு நிறுத்தி, ஆளைக் கூப்பிடும். அந்தப் பொறுமையும் அந்த நிதானமும் என் வகுப்பில் இருந்திருக்க வேண்டும்.

அந்த நிரலை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். எதுவும் மாறவில்லை என்றால் வேலை முடிந்தது என்று அது எடுத்துக்கொள்ளும். மாறவில்லை என்பதும் சரி என்பதும் ஒன்றல்ல. விடையை நான் தப்பாக எழுதியிருந்தால், தப்பு விடைக்குச் சரியான பக்க எண்ணைப் போட்டுக் கொடுக்கும். அந்தப் பையன் எழுதிய பத்து வரியிலும் எதுவும் மாறவில்லைதான். உட்கார்ந்து படித்துப் பார்க்கிற ஓர் ஆள் எப்போதும் வேண்டும். பள்ளியில் அந்த ஆளுக்குத்தான் வாத்தியார் என்று பெயர்.

ஆகவே ஆசிரியர் வேலையில் இருக்கும் என் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். 'பத்து தடவை' என்பதை விட்டுவிடுங்கள். ஒரு தடவை எழுதச் சொல்லுங்கள், கூடவே இருந்து பாருங்கள், எங்கே பிழை என்று காட்டுங்கள், பிறகு இன்னொரு தடவை. இரண்டாம் தடவையே சரியாகிவிட்டால் விளையாடப் போகச் சொல்லுங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது கஷ்டம், தெரியும். எனக்கும் கஷ்டமாக இருந்ததால்தான் எண்ணிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பத்து வரி எழுதியவன் இந்தப் பக்கத்தில் இருக்கிறான். பெயர் போட மாட்டேன். தம்பி, தப்பு என்னுடையது. ஊருக்கு வரும்போது வீட்டுக்கு வா.

புதுப் பதிப்பு அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. இந்த முறை நிரலும் பார்த்துவிட்டது, நானும் படித்துவிட்டேன். போதாதென்று அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியிடமும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன், கேள்விக்குறி தேட.

உங்கள் கணக்கு வாத்தியார்.