ஆளுக்கேற்ப நீளும் அளவுகோல்

அமெரிக்கக் குடியரசுக் கட்சியினரின் நாணயத்தைப் பாருங்கள்! 2016 பெப்பிரவரி 13-இல் உச்சமுறைமன்ற நடுவர் சுகாலியா மறைந்தார். அவ்விடத்திற்குத் தலைவர் ஒபாமா, மெரிக் கார்லாந்தின் பெயரை முன்வைத்தார். தேர்தலுக்கோ ஏறத்தாழ எட்டுத் திங்கள் இருந்தன. ஆயினும், மக்கள் தம் வாக்கால் முடிவு செய்யட்டும் என்று சொல்லி, மேலவைப் பெரும்பான்மைத் தலைவர் மெக்கானல் ஓர் உசாவலுக்குக்கூட இடந்தரவில்லை.

2020 செப்தம்பர் 18-இல் நடுவர் கின்சுபர்க்கு மறைந்தார். தேர்தலுக்கு எஞ்சியவை 46 நாள்களே! அதே மெக்கானல், அதே மேலவை. அக்தோபர் 26-இல் 52-க்கு 48 என்னும் வாக்கில் பாரெட்டு அமர்த்தப்பெற்றார். மக்கள் முடிவு எங்கே போயிற்று? தலைவரும் மேலவையும் இப்பொழுது ஒரே கட்சியாம். ஆகவே இது வேறாம்! கிரகாம் என்னும் உறுப்பினரோ, நாளை எம் கட்சித் தலைவர்க்கு இந்நிலை வரின் என் சொல்லையே எனக்கெதிராகக் காட்டுங்கள் என்று 2016-இல் அறைகூவியவர். பாரெட்டின் உசாவலுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே!

மக்களாட்சிக் கட்சியினர் மட்டும் தூயரோ? 2016-இல் உடனே வாக்கெடுங்கள் என்றவர்கள், 2020-இல் பொறுங்கள் என்றனர். (நீங்கள் வகுத்த நெறியைத்தானே கேட்டோம் என்பர், அதிற் சிறிது ஞாயமும் உண்டு.) ஆனால், 2013-இல் கீழ்மன்ற நடுவர் அமர்த்தத்திற்கிருந்த 60 வாக்குத் தடையைத் தகர்த்தவர்கள் யாவர்? 2017-இல் உச்சமுறைமன்றத்திற்கும் அது தகர்க்கப்பட்டபோது அலறியவர்கள் யாவர்?