அந்த ஆடவன் எங்கே?



விபசாரத்தில் கையுங்களவுமாகப் பிடிபட்டாள் என்று சொல்லி, ஒரு பெண்ணை இயேசுவின் திருமுன் இழுத்துவந்து நிறுத்திய நிகழ்ச்சியை அருளப்பர் நற்செய்தியின் 8ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அக்குற்றம் ஒருவர் தனித்துச் செய்யக்கூடியதன்று. மோயீசன் சட்டமும் இருவருக்குமே தண்டனை விதித்திருந்தது. ஆயினும் கூட்டத்தின் நடுவே நிற்பவள் பெண் மட்டுமே. அவளோடிருந்த ஆடவன் எங்கே? திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் பெண்களின் மாண்பைப் பற்றி 1988இல் வெளியிட்ட மடலில், இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டு, பெண்ணின் பாவத்திற்குப் பின்னால் ஆண் மறைந்துகொள்ளும் அநீதியை எடுத்துக்காட்டினார்.

இந்த அநீதியைத் தமிழ்ச் சிறுகதை ஆசிரியர்களும் கண்டு வருந்தி எழுதியுள்ளனர். அவற்றுள் இரு கதைகளை இம்மாதம் சிந்திப்போம்.

புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'சாப விமோசனம்' அகலிகையின் கதை. கல்லாய்க் கிடந்தவள் இராமனின் பாதத்துகள் பட்டு மீண்டும் பெண்ணாகிறாள். கணவர் கௌதமரும் அவளை ஏற்றுக்கொள்கிறார். கதை இனிதே முடிந்தது என்று நாம் எண்ணுவோம். ஆசிரியரோ அதன் பிறகு நடந்ததையே விரிவாகச் சொல்கிறார். மன்னிப்புப் பெற்ற பின்னும் அகலிகைக்கு அமைதி கிட்டவில்லை. கணவர் இயல்பாகச் சொல்லும் சொல்லிலும் வேறு பொருள் இருக்குமோ என்று பதைக்கிறாள். பிறர் பார்வைக்குக் கூசுகிறாள். வனவாசம் முடிந்து திரும்பிய சீதையின் வாயிலாக, இராமன் அவளைத் தீக்குளிக்கச் செய்ததை அறிகிறாள். தனக்கு வாழ்வளித்தவனா குற்றமற்ற தன் மனைவியிடம் சான்று கேட்டான்? அந்த இடியை அவள் உள்ளம் தாங்கவில்லை, மீண்டும் கல்லாகிவிடுகிறாள்.

பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்பட்ட பாவத்தைக் கடவுள் மறுபடியும் விசாரிப்பதில்லை. நம் வீடுகளிலோ, மன்னித்துவிட்டோம் என்று வாயால் சொல்லிக்கொண்டே, ஒருத்தியின் பழைய தவற்றை ஒவ்வொரு சச்சரவிலும் தோண்டியெடுக்கும் கணவன்மாரும் மாமியார்களும் உண்டு. அத்தகைய வீட்டில் அவள் நாளுக்கு நாள் கல்லாகிறாள் என்பதை யார் அறிவார்?

இரண்டாவது கதை, ஜெயகாந்தன் எழுதி 1966இல் ஆனந்த விகடனில் வெளிவந்த 'அக்கினிப் பிரவேசம்'. மழை கொட்டும் மாலையில் பேருந்துக்காகக் காத்து நின்ற கல்லூரி மாணவி ஒருத்தியை, முன்பின் அறியாத ஓர் இளைஞன் தன் காரில் ஏற்றிச் சென்று கெடுத்துவிடுகிறான். நனைந்த உடையோடு வீடு வந்து அழும் மகளைத் தாய் முதலில் அடிக்கிறாள். அண்டை வீட்டார் என்ன கூச்சல் என்று வினவியதும் அத்தாய் விழித்துக்கொள்கிறாள். மகள் மழையில் நனைந்து வந்ததற்காகக் கண்டித்தேன் என்று கூறி அவர்களை அனுப்பிவிட்டு, மகளின் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ தூயவள் என்று தேற்றுகிறாள். தன் மகளை ஊரார் கையில் தீர்ப்புக்கு ஒப்படைக்க அவள் இசையவில்லை.

இம்முடிவை ஏற்காதோர் அந்நாளில் பலர். தாய் அவ்வாறு நடந்திராவிட்டால் என்னவாகியிருக்கும்? 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலில் ஜெயகாந்தனே அதை எழுதினார். அதில் தாயின் கூக்குரலால் செய்தி வெளியாகிறது; அண்ணன் தங்கையை வீட்டை விட்டே துரத்துகிறான்; அவள் வாழ்வே திசைமாறிப் போகிறது. மகள் ஒருத்திதான், நிகழ்ந்த கொடுமையும் ஒன்றுதான். அவள் வாழ்வை மாற்றியது வீட்டாரின் முதல் சொல்லேயாகும்.

ஆனால் இத்தாயின் அன்பைப் போற்றும்போதே ஒன்றை மறத்தலாகாது. சிறுகதையில் அந்த இளைஞன் காரோடு போய்விடுகிறான். அவனை எவரும் விசாரிக்கவில்லை. ஆகவே, பெண்ணைக் காப்பது பாதி நீதியே. மறுபாதியைத் தானியேல் ஆகமத்தின் 13ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. தங்கள் இச்சைக்கு இணங்காத சூசன்னாவின்மேல் முதியவர் இருவர் பழி சுமத்துகின்றனர். அவர்கள் நடுவர்கள், ஆதலால் மக்கள் நம்பிவிடுகின்றனர். இளைஞன் தானியேலோ அவளை விசாரிக்கவில்லை. அவ்விருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர் என்று வினவுகிறான். பொய் வெளிப்படுகிறது. தவக்காலத்தின் ஐந்தாம் வாரத் திங்களன்று இவ்வாசகமும், முதலில் நாம் கண்ட அருளப்பர் நற்செய்திப் பகுதியும் ஒரே திருப்பலிக்கு அமைந்திருப்பது பொருள் பொதிந்ததன்றோ!

பெற்றோரே, உங்கள் மகள் அழுதுகொண்டு வந்தால், நீ ஏன் அங்கே போனாய், ஏன் அந்த உடை உடுத்தாய் என்று தொடங்காதீர்கள். முதலில் அவளை அணைத்துக்கொள்ளுங்கள். பின்னர், அவளுக்குத் தீங்கிழைத்தவன் யார் என்று கேளுங்கள். அவன் உறவினனாயினும், ஊரில் பெரியவனாயினும், திருச்சபைப் பணியில் இருப்பவனாயினும், குடும்ப மானம் என்ற திரையால் அவனை மூடாதீர்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இழைக்கப்படும் இக்குற்றத்தை அறிந்தவர் அதைத் தெரிவித்தே ஆகவேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் கட்டளையிடுகிறது; பிள்ளையின் பெயரைச் செய்தித்தாள்கள் வெளியிடுவதையும் அது தடுக்கிறது.

மகள் அந்தி சாயுமுன் வீடு திரும்பவேண்டும் என்று விதிக்கும் நாம், இரவில் வரும் மகனிடம் எங்கே சென்றாய் என்று கேட்கிறோமா? பெண்ணிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று அவனுக்கு என்றேனும் கற்பித்தோமா? அந்த ஆடவன் எங்கே என்ற கேள்விக்கு, அவன் நம் வீட்டில்தான் வளர்ந்துகொண்டிருக்கிறான் என்ற விடை வராதிருக்கட்டும். இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், மகனையும் மகளையும் ஒன்றாக அமர்த்தி இதைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள்.