பைன் மரத்தின் பரம்பரை ஏடு

உயிர்களுள் மேலானவன் மனிதன் என்று எண்ணும் நமக்கு, அவனுடைய பரம்பரை ஏடே மிக நீண்டதாய் இருக்கும் என்று நம்பத் தோன்றும். உண்மை அவ்வாறன்று. கலத்தினுள்ளே டி.என்.ஏ. என்னும் பொருளில், நான்கே வகையான இரசாயன எழுத்துக்களால் எழுதப்பட்டதே இவ்வேடு. மனிதனுடைய ஏட்டிலே ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. ஐரோப்பாவின் குளிர்நிலக் காடுகளில் வளரும் நோர்வே ஸ்புரூஸ் என்னும் கூம்புத் தாவரத்தின் ஏட்டிலோ ஏறத்தாழ 2,000 கோடி! சுவீடன் நாட்டு விஞ்ஞானிகளின் தலைமையில் 2013ஆம் ஆண்டிலே இவ்வேடு வெளியாயிற்று.

அதன் உறவு மரங்களான அமெரிக்கப் பைன்கள் இரண்டும் பின்னர் ஆராயப்பட்டன. 2014இல் வெளியான லொப்லொலி பைனின் ஏட்டில் ஏறத்தாழ 2,200 கோடி எழுத்துக்கள். 2016இல் வெளியான சுகர் பைனின் ஏட்டிலோ 3,100 கோடி. இரண்டுக்கும் நிறமூர்த்தங்கள் 12 சோடியே. அங்ஙனமாயின் 900 கோடி எழுத்துக்கள் மிகுந்தது எவ்வாறு?

இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்து ஒப்புநோக்கியபோது விடை புலனாயிற்று. தம்மைத் தாமே படியெடுத்து, ஏட்டின் வேறிடங்களிலே புகுந்துகொள்ளும் துணுக்குகள் சில உள. பூக்குந் தாவரங்கள் பல அவற்றை அவ்வப்போது களைந்துவிடும். கூம்புத் தாவரங்களோ களைவது மிகக் குறைவு. கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த இப்படிகளே ஏட்டைப் பெருக்கின. புரதங்களை ஆக்கும் பரம்பரையலகுகள் அதிலே மிகச் சிறு பங்கே.

அச்சிறு பங்கிலேதான் காட்டின் உயிர் தங்கியிருக்கிறது. ஆசியாவிலே தோன்றிய துருநோய்ப் பங்கசு ஒன்று, ஐரோப்பா வழியாக 1910ஆம் ஆண்டளவில் வட அமெரிக்காவின் மேற்குக் கரையை அடைந்தது. பின்னர் பரவி, சுகர் பைன் மரங்களை அது மாய்த்துவருகின்றது. ஆயினும் அரிதாகச் சில மரங்கள் நோய்க்கு இடங்கொடுப்பதில்லை. ஒரே பரம்பரையலகு அவற்றைக் காக்கின்றது என்பது 1970ஆம் ஆண்டிலே அறியப்பட்டது. ஆனால், அதனையுடைய மரம் எது என்று அறிய, விதையை முளைப்பித்து, நாற்றுக்களுக்கு நோயூட்டி, பிழைப்பவை எவை என்று காத்திருத்தல் வேண்டும். ஏடு வாசிக்கப்பட்ட பின்னரோ, அவ்வலகை அண்டிய அடையாள எழுத்துக்கள் அகப்பட்டன. அவற்றைக் கொண்டு, நோயூட்டாமலே மரத்தைச் சோதிக்கலாம்.

இத்துடன் போர் முடிந்துவிடவில்லை. அவ்வொரு காப்பையும் வெல்லவல்ல பங்கசு வகை கலிபோர்னியாவின் சிலவிடங்களிலே தோன்றிவிட்டது. ஆகவே, வேறு காப்புக்களையும் தேடி, அவை பலவற்றை ஒரே மரத்திற் சேர்த்தல் வேண்டும். அப்பணிக்கும் உறவு மரங்களின் ஏடுகளே துணை.

மூர்த்தி சிறிதாயினும் கீர்த்தி பெரிது என்பர். 3,100 கோடி எழுத்துக்களிடையே மறைந்துகிடக்கும் சில ஆயிரம் எழுத்துக்கள் ஒரு காட்டையே காக்கவல்லன என்பதை நம் மாணவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.