டேட்டாவும் ஒரு பஸ் பாஸ்தான்

கொரோனாவால் பாடம் செல்போனுக்குள் வந்தபோது, 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குத் தினமும் 2 ஜிபி டேட்டா இலவசம் என்று தமிழக அரசு அறிவித்தது. நல்ல திட்டம். ஆனால் நான்கே மாதம்!

தேவையும் அதோடு முடிந்ததா என்ன? உதவித்தொகை விண்ணப்பம், தேர்வு முடிவு எல்லாமே இணையத்தில்தான். ரீசார்ஜ் தீர்ந்தால் சுந்தரபாண்டியத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை எங்கே போகும்?

"இலவசமாகக் கொடுத்தால் சினிமாதான் பார்ப்பார்கள்" என்பார்கள். பஸ் பாஸ் வைத்திருப்பவர்களும்தான் சினிமாவுக்குப் போகிறார்கள். அதற்காகப் பாஸை நிறுத்திவிட்டோமா?

இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று, ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், கேரள உயர்நீதிமன்றம் 2019-லேயே சொல்லிவிட்டது. படிப்பு முடியும்வரை பஸ் பாஸ் உண்டென்றால், டேட்டாவும் வேண்டும்.